மடிப்பு கலையாமல்

தி.நகர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவர்களுக்குச் சேலையைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, சேலை வாங்க வருகிறவர்களைப் பற்றித் தெரிந்துவிடும். பொன்மணிக்கு நன்றாகவே தெரியும். படியேறி வரும்போதே இது வளைகாப்பு, இது சீர்வரிசை, இது சும்மா ஏசிக்காற்று வாங்க வந்த கூட்டம் என்று பிரித்துவிடுவாள். எந்தக் கூட்டமானாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "வாங்கம்மா, என்ன விசேஷம்?" வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்த கேள்வி. விசேஷம் தெரிந்தால் எந்த அடுக்கில் கைவைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாத ஆட்களும் வருவார்கள். பெரும்பாலும் கடை திறந்த கையோடு, இரண்டு பேராக வருவார்கள். தலை ஒழுங்காக வாரியிருக்காது. தோளில் போட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள், வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். பழக்கதோஷத்தில் பொன்மணி சேலையை விரிக்கப் போனால் மட்டும், "பிரிக்காதம்மா, மடிப்பு கலையாம அப்படியே குடு" என்பார்கள். அது கோடிச் சேலை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் காரியத்தன்று பிறந்த வீட்டார் கொண்டுபோய்ப் போர்த்துகிற புதுச்சேலை.

கடையில் ஒவ்வொரு சேலைப் பையிலும் ஒரு குங்குமப் பொட்டலம் போட்டுக் கொடுப்பது முதலாளி வீட்டு வழக்கம். கோடிக்குப் போகிற பையில் அது விழுந்துவிட்டால் வாங்குகிறவர்கள் மனசு என்ன பாடுபடும்? வேண்டாம் என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பதும் கொடுமை. அதனால் பொன்மணியும் பேக்கிங் மேஜையில் நிற்கும் கமர் ஜஹானும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பொன்மணி மேஜைமேல் விரலால் இரண்டு முறை தட்டுவாள். அவ்வளவுதான். கமர் ஜஹான் பொட்டலம் போட மாட்டாள், "மறுபடியும் வாங்க" என்று சொல்லவும் மாட்டாள். பையை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுத் தலையை மட்டும் அசைப்பாள். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் குங்குமம் எடுத்துக்கொடுக்கிற கமர் ஜஹானுக்குக் கடையில் 'குங்குமத்தம்மா' என்று பட்டப்பெயர். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த இரண்டு தட்டுச் சங்கதியைப் பொன்மணி வெளியில் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். அவள் வீட்டுக்காரன் கன்னியப்பனிடம்.

கன்னியப்பன் இஸ்திரி போடுகிறவன். அடையாறு காந்தி நகரில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் முப்பது வருஷமாக அவன் வண்டி நின்றது. வீடு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம். வெள்ளம் வந்த வருஷம் அந்த வீடு போயிற்று. அரசாங்கம் இவர்களைக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வைத்தது. பாதி நாள் லிஃப்ட் ஓடாது, தண்ணீர் ஏறாது. மற்றவர்கள் எல்லாம் வயிறெரிந்து சாபம் விட்டுக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, "காத்து எப்பிடி வருது பாத்தியாமே? ஆத்தாண்ட இருக்கசொல்ல கொசுதானே வந்துச்சி. அந்த மட்டும் நல்லதாப் போச்சி" என்றான்.

அந்த மட்டும் நல்லதாப் போச்சி. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவன் ஐம்பது வயது வரை ஓட்டிவிட்டான். வெள்ளத்தில் பீரோ போயிற்று, சேற்றைத் தோண்டியபோது இஸ்திரிப் பெட்டி கிடைத்தது, அந்த மட்டும் நல்லதாப் போச்சி. வண்டியின் சக்கரம் கழன்று காலில் விழுந்தது, இடது காலில்தான் விழுந்தது, அந்த மட்டும் நல்லதாப் போச்சி. இனிமேல் குழந்தை பிறக்காது என்று டாக்டரம்மா கையை விரித்த அன்றைக்கும், "நாம சண்ட போட்டா நடுவுல அழறதுக்குக் கொயந்த இல்ல, அந்த மட்டும்..." என்று ஆரம்பித்தான். பொன்மணி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் அவன் வண்டியில் துணியைப் போட்டுவைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் அழுதுகொண்டிருந்தான் என்பது பின்னால் ஒரு வாடிக்கைக்கார அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனி மாதம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண் மஞ்சளாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. சுற்றி வளைக்காமல் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "மூணு மாசம், மிஞ்சிப்போனா நாலு மாசம். வலி தெரியாம பாத்துக்கலாம்" என்றாள். கன்னியப்பன் எழுந்து கும்பிட்டான்.

"நேரா சொல்ட்ட தாயி. அந்த மட்டும் நல்லதாப் போச்சி."

அந்த இடத்திலேயே அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது பொன்மணிக்கு.

மறுநாள் காலையில் கடையில் 'நன்றி நேரம்'. முதலாளியின் மகன் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து ஆரம்பித்துவைத்த கூத்து அது. கடை திறக்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று சாமி பாட்டு முடிந்ததும், பிரிவுக்கு ஒருத்தராக, இன்றைக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூன்று தரம் கை தட்ட வேண்டும். ஒருத்தி லிஃப்டுக்கு நன்றி சொன்னாள். ஒருத்தன் முதலாளிக்கே சொன்னான். காலை ஒன்பதரை முதல் ராத்திரி வரை நின்றே கிடக்கிற தன் கால்களுக்கு நன்றி சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குக் காட்டன் பிரிவில் பொன்மணியின் முறை. சூப்பர்வைசர் செந்தில்குமார் அவளைப் பார்த்தான்.

"எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு சார். அதுக்கு நன்றி" என்றாள் பொன்மணி.

மூன்று தரம் கை தட்டினார்கள். அவள் போய்த் தன் அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். "எல்லாருக்கும் முன்னாடி பொய் சொல்ட்டு வந்துக்கீறேன்யா. உன்னால."

"பொய் இன்னா கீது அதுல? இன்னிக்கு நல்லாதானே கீறேன். ரெண்டு இட்லி துன்னேன்" என்றான் கன்னியப்பன்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வண்டியை இன்னொரு இஸ்திரிக்காரனிடம் ஒப்படைத்தான். மரத்தடி இடத்தையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தான். இஸ்திரிப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். அப்புறம், நடக்க முடிந்த நாளிலெல்லாம் காந்தி நகருக்குப் பஸ் ஏறிப் போய், துணி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினான். "முப்பது வருசம் துணி குடுத்தீங்கோ. ஒரு நாளு கூட மரியாத கொறவா பேசல. ரொம்ப நன்றிம்மா, சொல்ட்டுப் போலாம்னு வந்தேன்." அவர்கள் என்ன ஏதென்று விசாரித்து, விஷயம் தெரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டால் இவனே அவர்களைத் தேற்றிவிட்டு வந்தான். ஒரு வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள். அதை அவனால் தின்ன முடியாது. பொன்மணிக்கு என்று பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

"செத்துப் போறவன் மாரி வூடு வூடா போய்ட்டு வரேன்னு சொல்லிக்கினு திரியாத" என்று பொன்மணி முறுக்கைத் தூக்கி எறிந்தாள்.

அவன் குனிந்து பொறுக்கினான். "செத்துப் போறவன்தானேமே" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் கடையில் அலைமோதிக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கொஞ்சம் இளைத்தபோது, படியேறிக் கன்னியப்பன் வந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. வாசலோடு நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போவதோடு சரி. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டை, அவன் உடம்புக்கு இரண்டு மடங்காகத் தொங்கியது. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்ததும் பொன்மணிக்கு முதலில் பயம், பிறகு என்னவோ ஒரு சந்தோஷம்.

வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிக்க, அவளும் கேலியாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வாங்க சார், என்ன விசேஷம்?"

"விசேசந்தான்" என்றான் கன்னியப்பன். "ஒரு பொம்பளைக்குச் சேல எடுக்கணும்."

அவர்கள் கல்யாண நாள் ஆவணியில் வந்தது. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். இந்தத் தடவை அது வரை இருப்போமோ என்று நினைத்து முன்கூட்டியே எடுக்க வந்திருக்கிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். இருக்கிற நல்ல சேலைகளை எல்லாம் இறக்கிப் போட்டாள். ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் காட்டினாள். அவன் வியாபாரியைப் போல ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் நிமிண்டிப் பார்த்தான்.

"இது தண்ணில போட்டா சுருங்கும். இது ரெண்டு தபா இஸ்திரிக்கு மேல தாங்காது. அத்தக் காட்டு."

வெளிர் கத்திரிப்பூ நிறம், கடுகு நிறக் கரை. அவளுக்குப் பிடித்த நிறம். ஆறு மாதமாக அந்த அடுக்கைக் கடக்கும்போதெல்லாம் அவள் தொட்டுவிட்டுப் போகிற சேலை. வீட்டில் ஒரு நாள் சொல்லியிருப்பாள். அவள் சிரித்துக்கொண்டே அதை விரிக்கப் போனாள்.

"பிரிக்காதமே" என்றான் கன்னியப்பன். "மடிப்பு கலைய வேணாம். அப்பிடியே குடு."

பொன்மணியின் கை நின்றது. இல்லை, இவனுக்கு என்ன தெரியும், இஸ்திரிக்காரன், மடிப்பு கலைந்தால் பொறுக்காது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து அவனே கவுன்டரில் கட்டினான். சேலையை அவனே எடுத்துக்கொண்டு பேக்கிங் மேஜைக்குப் போனான். கமர் ஜஹான் அவனை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கண்ணே, அக்காவுக்கா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டபடி பையைப் பிரித்து, குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள்.

கன்னியப்பன் மேஜையின்மேல் விரலால் இரண்டு முறை தட்டினான்.

கமர் ஜஹானின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பொன்மணியைப் பார்த்தாள். பொன்மணி அவள் முகத்திலிருந்துதான் அதைப் படித்தாள். தன் வாயால் சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னது, இப்படி அவன் விரலில் வந்து நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேஜையருகே போய்க் கூடையிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"இது கல்யாண நாளு சேல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கல்யாண நாளு சேல, தெரிஞ்சிச்சா?"

"சரி" என்றான் கன்னியப்பன்.

பின்னால் நான்கு பெண்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். செந்தில்குமார் அங்கிருந்தே விரலைச் சொடுக்கினான். பொன்மணி திரும்பி நின்று, "வாங்கம்மா, என்ன விசேஷம்?" என்றாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டாள். உசிரோடு இருக்கும்போதே பெண்டாட்டிக்குக் கோடி எடுக்கிற புருஷன் உலகத்தில் உண்டா என்றாள். இதற்கு அரளி விதையை அரைத்துக் கொடுத்திருக்கலாம் என்றாள். நாளைக்கே கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், அப்புறம் எப்படி அது கோடியாகும் பார்க்கிறேன் என்றாள். ஒரு தரம் உடுத்திவிட்டால் அது புதுத்துணி இல்லை, கோடிக்கு ஆகாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கன்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

"பக்கத்து பிளாக்குல புருசன் செத்த அந்த அம்மாவுக்கு, பொறந்த வூட்லருந்து ஒருத்தரும் வரல. ஞாபகம் கீதா? எல்லாருக்கும் முன்னாடி பயஞ்சேலையோட குந்தினு இருந்துச்சி. யார்னா வருவாங்களான்னு வாசலயே பாத்துக்கினு இருந்துச்சி. எனக்கு அன்னிக்கே உன் ஞாபகந்தான். உங்கம்மா போய்ட்டாங்கோ. அண்ணன் தம்பி கெடியாது. யாரு வருவா உனக்கு?" என்றான். சற்று மூச்சு வாங்கிக்கொண்டான். "நாந்தானே உனக்குப் பொறந்த வூடு. நாந்தான் எடுக்கணும்."

பொன்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முன்னாடியே தெரிஞ்சிச்சி பாரு. லாரி இடிச்சி போயிருந்தா இத்த செய்ய முடியுமா? அந்த மட்டும்..."

"அத்த மட்டும் சொல்லாத" என்றாள் பொன்மணி. "உன் கால்ல வுழறேன் மாமா. அத்த மட்டும் சொல்லாத."

அவன் சொல்லவில்லை. பை பீரோவின் மேல்தட்டில் ஏறியது.

ஆவணி வந்தது. கன்னியப்பன் எழுந்து உட்காருவதே பெரிய வேலையாகிவிட்டது. கல்யாண நாளன்று பொன்மணி அரை நாள் லீவு கேட்டாள். ஆடி முடிந்துவிட்டதால் செந்தில்குமார் கொடுத்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து, குளித்து, ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பையை எடுத்தாள். பிடிவாதமா, ஆசையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மடிப்பைக் கலைத்து உதறிக் கட்டிக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

கன்னியப்பன் கண் கொட்டாமல் பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. கீழுதடு மட்டும் நடுங்கியது. இருபத்தோரு வருஷத்தில் அவன் அழுது அவள் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நல்லா கீற" என்றான். "நா பாக்கவே மாட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன், நீ இத்த கட்டிக்கினு. நல்லா கீற பொன்னு."

பிறகு பையைக் கொண்டுவரச் சொன்னான். அவள் அன்றைக்குக் கோபத்தில் திணித்த பொட்டலம் அதற்குள்ளேயே கிடந்தது. அவளைக் குனியச் சொல்லி, பிரித்து, கட்டைவிரலால் தொட்டு அவள் நெற்றியில் வைத்தான். கை நடுங்கியது. நெற்றியில் பாதி, மூக்கில் பாதி, மிச்சம் தோளில் சேலைமேல் கொட்டியது. பொன்மணி பதறித் தட்டப் போனாள். குளித்த தலையின் ஈரம் தோளில் சொட்டியிருந்ததால் அது அதற்குள் துணியில் ஊறிவிட்டிருந்தது. காசளவு ஒரு சிவப்பு.

"போச்சி" என்றான் கன்னியப்பன், இஸ்திரிக்காரனாக. "குங்குமக் கற போவாது. முப்பது வருசமா பாக்கறேன், எத்தப் போட்டாலும் போவாது."

அன்று வெயில் இறங்குவதற்குள் அவன் கேட்டது ஒன்றுதான். பெட்டியில் கரி போட்டுக் கொடுக்கச் சொன்னான். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள், கேட்கவில்லை. கட்டிலை ஒட்டி மேஜையை இழுத்துப் போட்டு, பழைய போர்வையை விரித்து, சேலையை அவிழ்த்துக் கொடுத்தாள். ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு அவன் நின்றான். பெட்டியைத் தூக்க முடியாதபோது அவள் பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தரை மீட்டர் சேலை. முன்பு ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையிடையே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கொசுவம் வைத்த தடம், உட்கார்ந்த சுருக்கம், ஊக்கு குத்திய இடம் எல்லாம் போயிற்று. கடைசியில் கறையை உள்ளே தள்ளி, கரையோடு கரை சேர்த்து, கடையில் எப்படி இருந்ததோ அதே மடிப்பில் மடித்துவைத்தான். பன்னிரண்டு வருஷம் சேலை மடித்தவள் உற்றுப் பார்த்தாள். அவளாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளிக்குக் கடைக்கு எடுத்துக்கினு போ" என்றான் படுத்துக்கொண்டு. "அந்த குங்குமத்தம்மா கையில குடு. எடுத்துக்கினு வர்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல. நா கேட்டேன்னு சொல்லு."

மறுநாள் காலை பொன்மணி பெரும்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில், தன் கோடிச் சேலையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. கடையில் பையைப் பேக்கிங் மேஜையில் வைத்தாள். வாயைத் திறந்தால் உடைந்துவிடும் என்று தெரிந்தது. அதனால் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

பொன்மணிக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை என்பது கமர் ஜஹானுக்குத் தெரியும். இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு தலையை அசைத்தாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் கன்னியப்பன் போய்ச் சேர்ந்தான். வலி ரொம்ப இல்லை. கடைசி இரண்டு நாள் நினைவு இல்லை. காந்தி நகரிலிருந்து ஆறு வீட்டுக்காரர்கள் ஏழு மாடி ஏறி வந்து மாலை போட்டார்கள். அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. அவன் இருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பான். பொன்மணி அழவில்லை. எடுத்துப்போகும்போதும் அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளாதவளைப் பார்த்துப் பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பேசியது காதில் விழுந்தது. ஆனால் அழுகை எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காலை காரியம். அவளை நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். பூ, பொட்டு, வளையல், அந்தச் சடங்கெல்லாம் நடந்து முடிந்தது. அதை விவரித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுப்பம்மாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். மனசு கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "பொறந்த வூட்டு கோடி யாரு?" என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் செருப்பு அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கறுப்பு புர்காவில், ஏழு மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு, கமர் ஜஹான் உள்ளே வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் கத்திரிப்பூ நிறச் சேலை.

"நீ யாரும்மா?" என்றாள் சுப்பம்மா.

"நான் பொன்மணிக்காவோட தங்கச்சி" என்றாள் கமர் ஜஹான். கூடியிருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்கள்.

சுப்பம்மா சேலையை எடுத்துத் தடவிப் பார்த்து, "நல்ல துணி" என்றாள். பொன்மணியின் தோளில் வைத்து, மடிப்பைக் கலைத்து உதறி விரித்தாள். லேசாகக் கரி வாசனை வந்தது. அது பொன்மணிக்கு மட்டும் தெரிந்தது. உள்மடிப்பு பிரிந்து அவள் மாரின்மேல் விழுந்தபோது, நட்டநடுவில் காசளவு அந்தச் சிவப்பு.

"ஐயய்யோ, இன்னா இது?" என்று கத்திவிட்டாள் சுப்பம்மா. "புதுத் துணில கற! குங்குமமாட்டம் கீதே. போயும் போயும் இந்த நேரத்துல... கடைக்காரன் இப்பிடி ஏமாத்திட்டானே!" தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள் ஒருத்தி. சோப்பு போட்டால் போய்விடும் என்றாள் இன்னொருத்தி. கமர் ஜஹான் முகம் வெளுத்து நின்றாள். அவளுக்கும் இது தெரியாது.

பொன்மணி அந்தக் கறையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"போவாது" என்றாள். பதினாறு நாளாகப் பேசாத குரல் கட்டிப்போயிருந்தது. "எத்தப் போட்டாலும் போவாது. அந்த மட்டும்..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சேலையை இரண்டு கையாலும் இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில், வாய்விட்டுக் கதறினாள். கமர் ஜஹான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.

"அந்த மட்டும் நல்லதாப் போச்சி மாமா" என்றாள் பொன்மணி, சேலைக்குள்ளிருந்து. "அந்த மட்டும் நல்லதாப் போச்சி."